தமிழ்க் குறியேற்றப் பொதுத்தர முயற்சிகள்

தமிழ்க் குறியேற்றப் பொதுத்தர முயற்சிகள் என்பவை, ஒரு கணினியில் அடித்த தமிழை எந்தக் கணினியிலும் படிக்க வேண்டும் என்று கோரி 1990களில் பயனர்களும் ஆர்வலர்களும் மேற்கொண்டவை. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து இவற்றில் பலர் பங்கேற்றனர்.

எழுத்துகளை எண்களாகக் கணினியில் பதியும் முறையே குறியேற்றம். அக்காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. பாமினி என்னும் எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. மென்பொருளை மாற்றினால் பழைய கோப்புகள் பயனற்றுப்போயின.

இந்நிலையை மாற்ற 1997இல் தொடங்கிய கலந்தாய்வின் பயனே திஸ்கி என்னும் குறியேற்றம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளரும் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கியவருமான கல்யாணசுந்தரம், முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் இதற்கு அரும்பாடுபட்டனர். எட்டு பிட்டில் அமைந்த 256 இடங்களில் முற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, பிற்பாதியில் தமிழை அமைத்தனர். ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு, ககரம், கால் என்று பதிவாகும். அகரவரிசைப்படுத்த இது இடைஞ்சலே. ஆனால் இயங்குதளத்தின் தயவு எதுவும் தேவைப்படவில்லை. எழுத்துருவை நிறுவினால் விண்டோஸ், மெக்கின்டாஷ், யுனிக்ஸ் எதிலும் ஒரே கோப்பைப் படிக்க முடிந்தது. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றைத் திஸ்கியில் வெளியிட்டதே இத்தரத்தின் தகுதிக்குத் தக்க சான்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. ஒரே தரம் கேட்டவர்களுக்குத் திஸ்கியோடு சேர்த்து மூன்று கிடைத்தன. எனினும் அம்மாநாடு தந்த தமிழ்99 விசைப்பலகை நிலைத்துவிட்டது. 2000இல் தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான உத்தமம் அமைப்பு தோன்றியது.

இதற்கிடையே, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமாக 1991இல் வெளிவந்த ஒருங்குறி (யுனிகோட்), இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கியது. உயிர்மெய்களுக்குத் தனி இடமில்லை என்ற குறை நெடுநாள் பேசப்பட்டது. எல்லா எழுத்துகளுக்கும் இடந்தரும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஒருங்குறியையும் 2010இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்த டேஸ்16ஐ இயங்குதளங்கள் ஏற்காததால் அது பரவவில்லை.

இன்று கணினியிலும் கைப்பேசியிலும் ஒருங்குறியே வழங்குகிறது. அச்சுத்துறையில் பழைய குறியேற்றங்கள் இன்னும் புழங்குகின்றன.