கல்யாணப் பிரசங்கம்: ஒருத்தருக்கு ஆசீர்வாதம், இன்னொருத்தருக்கு அட்வைஸ்... ஏன் இப்படி?

சர்ச் கல்யாணத்துக்குப் போயிருக்கீங்களா? பிரசங்கம் ஆரம்பிச்சதும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. முன்வரிசைப் பாட்டி கண்ணைத் துடைப்பார். நடுவில் ஒரு மாமா வாட்ச்சைப் பார்ப்பார். கடைசி வரிசை மொத்தமும் மொபைலில் இருக்கும். பேசுறவர் ஒருத்தர்தான். ஆனா, ஒவ்வொருத்தரும் வேற வேற எதிர்பார்ப்போட வந்திருக்காங்க!

மயிலாடியில் ஆரம்பிச்ச கதை

இதைப் புரிஞ்சுக்க கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடி நல்ல உதாரணம். கல் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். இந்த ஊர்க்காரரான வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ல் இங்கே வந்தார். 1809-ல் ஆலயம் எழும்பியது. தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டன்ட் சபை வேர்விட்டது இங்கேதான்.

அந்த மரபில் வழிபாட்டின் மையமே பிரசங்கம்தான். அதோட சேர்ந்து பள்ளிக்கூடமும் வந்துச்சு. தோள்சீலை உரிமைக்கான போராட்டமும் நடந்து, 1859-ல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. அதனால, 'பிரசங்கம்னா வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லணும்' என்ற எதிர்பார்ப்பு இங்குள்ள பெரியவர்களுக்கு உண்டு. வெறும் வாழ்த்தோடு முடிஞ்சா அவங்களுக்குச் சப்புன்னு இருக்கும்.

சித்தப்பா ஏன் நெளியறார்?

நாஞ்சில் நாட்டில் ஒரே குடும்பத்தில் அண்ணன் வீடு கோயிலுக்கும் தம்பி வீடு சர்ச்சுக்கும் போறது சகஜம். பக்கத்தில் இருக்கும் சாமித்தோப்பு, அய்யாவழியின் தலைமைப்பதி. எல்லோரும் சொந்தக்காரங்கதான். எல்லோரும் கல்யாணத்துக்கு வருவாங்க.

கெட்டிமேளமும் குரவையும் கேட்டு வளர்ந்தவருக்குத் தாலி கட்டும் நொடிதான் கல்யாணம். அங்கே யாரும் பேசுறதில்லை. பேசினாலும் மேளத்தில் கேட்காது. அதனால நீளமான பிரசங்கம் அவருக்கு 'தாமதமா' தெரியுது. அது மரியாதைக் குறைவு இல்லை, பழக்கம்.

கல்யாணத்தில் பேச்சு என்பது தமிழர்களுக்குப் புதுசும் இல்லை. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணத்திலிருந்து, வாழ்த்துரையே சடங்கின் இடத்தைப் பிடிச்சது. 1967-ல் அண்ணா அரசு அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே பேச்சு நீண்டால் யாரும் ஆச்சர்யப்படுறதில்லை. ஏன்னா, அதை எதிர்பார்த்துத்தான் போறாங்க.

சபைக்குச் சபை ஸ்டைல் மாறும்

* சி.எஸ்.ஐ.: அச்சிட்ட ஆராதனை முறை, உறுதிமொழி, நடுவில் பிரசங்கம். மேடைத் தமிழ் மணக்கும்.
* கத்தோலிக்கம்: பெரும்பாலும் திருப்பலிக்குள் வரும் மறையுரை. சடங்குகள் நிறைய இருப்பதால் பேச்சு அதில் ஒரு பகுதி மட்டுமே.
* பெந்தெகொஸ்தே: செய்திதான் பிரதானம். குரல் ஏறும், கூட்டம் 'அல்லேலூயா' சொல்லும். பல சபைகளில் தாலியும் நகையும் கிடையாது. முதல்முறை வரும் உறவினர், "தாலி எப்போ கட்டுவாங்க?"ன்னு கடைசிவரை காத்திருக்கலாம்!

வலிக்கிற இடம் எது?

எபேசியர் நிருபம் 5-ம் அதிகாரம் கல்யாண மேடைகளில் அடிக்கடி வரும். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியணும்னு சொல்லும் அதே பகுதி, கணவன் தன்னையே கொடுக்கும் அளவுக்கு மனைவியை நேசிக்கணும்னும் சொல்லுது. பேசுறவர் முதல் பாதியோடு நிறுத்திட்டா, வேலைக்குப் போற மணப்பெண்ணுக்கு அது ஊரறியக் கிடைத்த அட்வைஸா மாறிடும். பதில் சொல்லவும் முடியாது. மேடையில் சிரிச்சுக்கிட்டே நிக்கணும்.

இன்னொரு இடம் வரதட்சணை. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். போதகர் அதைக் கண்டிச்சுப் பேசினா இளசுகள் நிமிர்ந்து உட்காருவாங்க. எவ்வளவு கைமாறியதுன்னு தெரிஞ்ச பெரியவங்க தரையைப் பார்ப்பாங்க. நல்ல பேச்சுதான். ஆனா, அந்த நிமிஷம் எல்லார் பார்வையும் பெண்ணின் அப்பா மேலதான் விழும். கல்யாணத்தன்னிக்குச் சொல்றதைவிட, நிச்சயத்துக்கு முன்னாடி ரெண்டு வீட்டிலும் சொன்னா பலன் அதிகம்.

அடுத்து உங்க கல்யாணமா?

* போதகரை முன்கூட்டியே ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாருங்க. எந்த வசனம், எவ்வளவு நேரம்னு பணிவா கேளுங்க. கேட்பது தப்பில்லை.
* உங்க வேலை, கனவு, நீங்க சந்திச்ச விதம் எல்லாம் சொல்லுங்க. உங்களைத் தெரிஞ்சவர் பேசும்போது அது அட்வைஸா இல்லாம ஆசீர்வாதமா இருக்கும்.
* மற்ற மதத்துச் சொந்தங்களுக்காக நிகழ்ச்சி வரிசையை ஒரு தாளில் அச்சடிச்சுக் கொடுங்க. தாலியோ மோதிரமோ எப்போன்னு தெரிஞ்சா சித்தப்பாவும் வாட்ச் பார்க்கமாட்டார்.

விருந்தாளியா போறீங்களா? பிரசங்கம் முடியும்வரை மொபைலைப் பையில் வைங்க. சாப்பாடு எங்கேயும் போயிடாது!