உளப்பிறழ்வு அபாய நிலையில் நினைவுக் குறைபாடு

யாரும் பேசாமலே குரல் கேட்பது, பிறர் தனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாக அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை உளப்பிறழ்வின் அறிகுறிகள். மருத்துவமனைகளில் இதை சைக்கோசிஸ் என்றே சொல்கிறார்கள். மனச்சிதைவு நோய் இதன் கடுமையான வடிவம். பெரும்பாலும் இது ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில், அரைகுறை அறிகுறிகள் முன்னே தலைகாட்டும். அந்தக் கட்டத்தில் உள்ளவர்களை ‘உயர் அபாய நிலையினர்’ என்பர். பெரும்பாலும் பதின்பருவத்தினரும் இருபதுகளில் இருப்பவர்களும்தான். அவர்களிடம் காணப்படும் நினைவுத் தளர்ச்சி மருத்துவ உலகின் கண்ணில் படுவதற்கு நூறாண்டு பிடித்தது.

மனச்சிதைவு நோயில் நினைவாற்றல் பெரிதாகக் கெடுவதில்லை என்பதே தொடக்ககாலக் கருத்து. 1890களில் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின் அப்படித்தான் கருதினார். 1911இல் இந்நோயைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லரும் அவர் வழியே சென்றார். இருவரின் சொல்லுக்கும் இருந்த மதிப்பினால், பின்வந்தவர்கள் நோயாளிகளின் நினைவைச் சோதித்துப் பார்க்கும் அவசியத்தையே உணரவில்லை. நோய் முற்றும் முன்பே அதைக் கண்டுகொள்ளலாம் என்ற எண்ணத்தை அமெரிக்க மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் 1927இலேயே எழுதினார். ஆனால் அவரும் நினைவைத் தடயமாகக் கொள்ளவில்லை.

குறையை முதலில் சொன்னவர்கள் நோயாளிகள்தாம். 1961இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெக்கீயும் ஜேம்ஸ் சாப்மனும் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களிடம் அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தனர். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் கவனத்தை இழுக்கிறது, எதிரே இருப்பவர் பேசுவதைத் தொடர முடியவில்லை என்ற வகையில் அவர்களின் விவரிப்புகள் இருந்தன. ஜெர்மனியில் கெர்ட் ஹூபர், நோயாளிகள் தமக்குள்ளேயே உணரும் இத்தகைய சிறு தடுமாற்றங்களை ‘அடிப்படை அறிகுறிகள்’ என்று தொகுத்தார். எண்ணம் சட்டென அறுந்துபோவதும் சற்றுமுன் நிகழ்ந்ததைப் பிடித்துவைக்க முடியாததும் அத்தொகுப்பில் உண்டு. கருவிகளும் கணக்குகளும் வருவதற்கு வெகுமுன்னரே நோயாளியின் வாய்மொழி சரியான இடத்தைச் சுட்டிவிட்டது என்பது இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

1990இல் பிரிட்டனில் பீட்டர் மெக்கென்னா குழுவும், 1991இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ சேகின் குழுவும் மனச்சிதைவு நோயாளிகளிடம் நினைவுக் குறைபாடு தனித்துத் தெரிவதைக் காட்டினர். 1999இல் ஆன்றே அலமான் குழு 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிரெப்லினின் கருத்து நிற்கவில்லை. ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. குறைபாட்டை உண்டாக்கியது நோயா, மருந்தா, ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி வாழ்ந்த வாழ்க்கையா? நோய் வருமுன்பே சோதித்திருந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

அப்படிச் சோதித்தவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் நிக்கி எர்லன்மேயர் கிம்லிங் 1970களின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளைச் சேர்த்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தார். பின்னாளில் நோய்க்கு ஆளானவர்களில் கணிசமானோர், 7 முதல் 12 வயதிலேயே சொல்நினைவிலும் கவனத்திலும் உடலசைவுத் திறனிலும் பின்தங்கியிருந்தது 2000இல் வெளிவந்த முடிவு.

உயர் அபாய நிலையை மருத்துவப் பிரிவாக நிலைநாட்டியது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம். பாட்ரிக் மெக்கோரியும் ஆலிசன் யங்கும் 1994இல் அங்கே ‘பேஸ்’ என்ற சிகிச்சையகத்தைத் தொடங்கினர். மூன்று வகையினர் அதில் சேர்க்கப்பட்டனர்: மென்மையான அறிகுறி உள்ளவர்கள், சில நாள் முழு அறிகுறி வந்து தானே தணிந்தவர்கள், குடும்ப வரலாற்றோடு அன்றாடச் செயல்பாட்டிலும் சரிந்தவர்கள். 2003இல் வெளியான ஆய்வில் 49 பேரில் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் ஓராண்டுக்குள் உளப்பிறழ்வுக்கு ஆளாகியிருந்தனர். இரண்டாண்டு கழித்து அதே நகரிலிருந்து வாரிக் புரூவர் குழுவின் ஆய்வு வந்தது. உயர் அபாய நிலையில் இருந்த 98 பேரில் 34 பேருக்குப் பின்னர் நோய் வந்தது. கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதிலும் படத்தைப் பார்த்து நினைவிலிருந்து வரைவதிலும் அந்த 34 பேர் மற்றவர்களைவிடத் தொடக்கத்திலேயே பின்தங்கியிருந்தனர்.

இன்று பரவலாகப் பயன்படும் சோதனை ஹாப்கின்ஸ் சொல் கற்றல் தேர்வு. 12 சொற்கள் மூன்று முறை வாசிக்கப்படும். ஒவ்வொரு முறையும் நினைவிலுள்ளதைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடத்துக்குப் பின் மறுபடி கேட்பார்கள். 12 சொற்களும் மூன்று இனங்களுக்குள் அடங்குபவை. கேட்பவர் பெரும்பாலும் தன்னையறியாமல் இனம் இனமாக அடுக்கிக்கொள்வார். மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்த அடுக்கும் வேலைதான் தளர்கிறது. அபாய நிலையினரிடமும் அதன் இலேசான சாயல் உண்டு. பெட்டியில் வைத்த பொருள் தொலையவில்லை, பொருள் பெட்டிக்குள் போகவே இல்லை எனலாம். முதுமை மறதி நோயிலிருந்து இது இப்படித்தான் வேறுபடுகிறது. பாடத்தை நாலு முறை படித்தும் ஒன்றும் நிற்கவில்லை என்று மாணவர் சொல்வதைச் சோம்பல் என்று வீட்டார் எடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இந்தத் தளர்ச்சியின் வேரைத் தேடி, மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆய்வாளர்கள் கவனிக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஷோபெல் குழு, நோய்க்கு ஆளாகப்போகிறவர்களிடம் அப்பகுதியின் ஒரு பிரிவு வழக்கத்தைவிட அதிகமாக இயங்குவதையும் பின்னர் அது சுருங்குவதையும் 2013இல் விவரித்தது.

வட அமெரிக்காவின் ‘நேபில்ஸ்’ கூட்டாய்வில் 689 உயர் அபாய நிலையினரும் 264 இயல்பினரும் சோதிக்கப்பட்டனர். நோய்க்கு ஆளான 89 பேர் கவனத்திலும் நினைவிலும் கூடுதலாகப் பின்தங்கியிருந்ததை லாரி சைட்மன் குழு 2016இல் அறிவித்தது. அதே ஆண்டு டைரன் கானன் குழு வெளியிட்ட அபாயக் கணிப்பியில் சொல் கற்றல் மதிப்பெண்ணும் இடம்பெற்றது. எம்ரே போராவும் ராபின் மர்ரேயும் 2014இல் தொகுத்த சான்றுகளின்படி, நோய் வெடிக்கும் சமயத்தில் அறிவாற்றல் திடீரெனச் சரிவதில்லை. குறை முன்பே உருவாகிவிடுகிறது.

ஆனாலும் நினைவுச் சோதனையைச் சோதிடமாக எண்ணிவிடக் கூடாது. மேற்சொன்ன வேறுபாடுகள் குழுச் சராசரிகள். தனியொருவரின் மதிப்பெண் அவருடைய வருங்காலத்தைச் சொல்லாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, கஞ்சாப் பழக்கம் எதுவானாலும் நினைவு தளரும். 2021இன் தொகுப்பாய்வுப்படி உயர் அபாய நிலையினரில் மூன்றாண்டுக்குள் உளப்பிறழ்வுக்கு ஆளாவோர் ஏறக்குறைய 25 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களிலும் பலருக்குப் படிப்பும் வேலையும் கடினமாகவே இருக்கின்றன. நினைவுக் குறைபாட்டின் உண்மையான பாதிப்பு அங்கேதான் இருக்கிறது. கணிப்பு ஆய்வுகள் அதற்குக் கொடுத்த இடம் குறைவு.

சிகிச்சையில் முன்னேற்றம் சொற்பம். இக்குறைபாட்டுக்கென ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. கணினி வழி மூளைப் பயிற்சிகள் கலவையான பலனையே தந்துள்ளன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 2013இல் இந்த அபாய நிலையை ‘மேலும் ஆராய வேண்டியவை’ என்ற பிரிவில் சேர்த்தது. 2022 திருத்தத்திலும் அது அங்கேயே இருக்கிறது. அதன் வரையறையில் நினைவுச் சோதனை இடம்பெறவில்லை.