பதினெட்டு நாள் இதயம்

1967 டிசம்பர் 3. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இருக்கும் குரூட் ஸ்கூர் மருத்துவமனை. லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்ற மளிகை வியாபாரிக்கு, சாலை விபத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் இதயத்தைப் பொருத்தினார் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட். மனிதரின் இதயம் இன்னொரு மனிதருக்கு மாற்றப்பட்டது அதுதான் முதல் முறை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் கேப் டவுனுக்கு ஓடின.

பதினெட்டாம் நாள் வாஷ்கான்ஸ்கி இறந்துபோனார். புது இதயம் நின்னு போச்சான்னு கேட்டா, இல்லை. அது கடைசிவரை நல்லாத்தான் துடிச்சுது. உயிரைக் கொண்டுபோனது நிமோனியா.

இது எப்படி நடந்தது? நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்திக்குக் கிருமியும் அந்நியன், தானமா வந்த இதயமும் அந்நியன். ரெண்டையும் தாக்கும். இதயத்தைக் காப்பாத்த அசாதயோபிரின், ஸ்டீராய்டு மாதிரி மருந்துகளால் அந்தக் காவலைத் தளர்த்தணும். தளர்த்தினா கிருமிக்கும் கதவு திறந்துடும். வாஷ்கான்ஸ்கியின் நுரையீரல் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தபோது, உடம்பு இதயத்தை நிராகரிக்கிறது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். மருந்தைக் கூட்டினார்கள். உண்மையில் அது கிருமித் தொற்று.

1968இல் உலகம் முழுக்க நூறுக்கும் மேற்பட்ட இதய மாற்று அறுவைகள் நடந்தன. பெரும்பாலான நோயாளிகள் ஓராண்டு தாண்டவில்லை. பல மருத்துவமனைகள் கையை விரித்துவிட்டன. விடாமல் தொடர்ந்த சிலரில் ஒருவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த நார்மன் ஷம்வே. அவருடைய குழுவில் இருந்த பிலிப் கேவ்ஸ், 1970களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். கழுத்து ரத்தக்குழாய் வழியா மெல்லிய கருவியை இதயத்துக்குள் அனுப்பி, துளி சதையைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. நிராகரிப்பா, இல்லையா என்பதை இனி ஊகிக்க வேண்டாம். வாஷ்கான்ஸ்கிக்குக் கிடைக்காதது இதுதான்.

அடுத்து வந்தது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் எடுத்த மருந்து. 1983இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன்பிறகுதான் இதய மாற்று வழக்கமான சிகிச்சை ஆச்சு. ஆனா அதுவும் சும்மா விடலை, சிறுநீரகத்தைக் கெடுத்தது. மாற்று இதயத்தோடு பல வருஷம் வாழ்ந்து, பிறகு சிறுநீரகமும் மாற்ற வேண்டி வந்தவர்கள் உண்டு.

இன்றைக்கு மருந்துகள் மாறிவிட்டன, கணக்கு மாறவில்லை. மாத்திரை குறைந்தால் உறுப்புக்கு ஆபத்து, கூடினால் ஆளுக்கு ஆபத்து. மாற்று உறுப்போடு வாழ்கிறவர் ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனைக்குப் போய்வருவது இதனால்தான்.