தரைக்குக் கீழே நெருப்பு



பகல் வெயிலுக்குச் சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்து, அது காய்ந்ததும் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். தரையைச் சூடாக்கி அதன்மேல் தூங்குவது என்றால் கல்முனைக்குடியில் சிரிப்பார்கள். ஆனால் 2004 இல் தென்கொரியாவோடு தொழிலாளர் ஒப்பந்தம் வந்த பிறகு, அங்கே போன எங்கள் பிள்ளைகள் சூட்டுத் தரையில்தான் படுத்து எழும்புகிறார்கள். அந்தத் தரையின் கதையை அவர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

கொரியர்கள் அதை 'ஒண்டோல்' என்பார்கள். குசினி அடுப்பின் புகையைப் பக்கத்து அறைத் தரைக்குக் கீழே கல்லால் கட்டிய கான்களில் ஓடவிட்டு, மறுபக்கப் புகைபோக்கியால் வெளியேற்றுவது. மேலே தட்டைக் கற்கள், களிமண் பூச்சு, அதற்கு மேல் எண்ணெய் ஊறிய கடதாசி. ஒரே விறகில் சோறும் வேகும், படுக்கையும் சூடாகும். காஷ்மீர்ப் பள்ளிவாசல்களின் ஹம்மாமும் இந்த வகைதான். கீழே எரியும் விறகு வுழூத் தண்ணீரையும் சூடாக்கும், வந்தவர்கள் குந்தியிருக்கும் கல் தரையையும் சூடாக்கும்.

1950-53 யுத்தத்துக்குப் பின் கொரிய மலைகள் மொட்டையாகிக் கிடந்தன. விறகு வெட்டத் தடை. சனங்கள் வீட்டை இடிக்கவில்லை. விறகு எரிந்த இடத்தில் நிலக்கரிக் கட்டியை வைத்தார்கள். பெயர் 'யொன்தான்'. இடியப்ப அச்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மலிவு, இரவிரவாக அணையாது.

வினை அங்கேதான் வந்தது. விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும். நிலக்கரி அரைகுறையாக எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பழைய களிமண் தரையின் வெடிப்புகளால் அது மேலே வந்தது. இரவு ஒன்றாகப் படுத்த குடும்பங்கள் விடிய எழும்பவில்லை. வருடக்கணக்கில் இது நடந்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மயங்கியவருக்கு முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீர் பருக்குவது அங்கத்தைய கைவைத்தியம். பாவம், வேறென்ன செய்வார்கள்.

பிறகுதான் நெருப்பை அறைக்குக் கீழேயிருந்து அகற்றினார்கள். தரையைக் கிளறிக் குழாய் புதைத்து, மேலே சீமெந்து போட்டு, கொதிகலனில் சூடாக்கிய தண்ணீரை ஓடவிட்டார்கள். குடியிருக்கும் வீட்டில் இது லேசான வேலையல்ல. தரை உயர்ந்தால் கதவு முட்டும். பழைய சீமெந்துக்கு மேல் டைல் ஒட்டியவர்களுக்கு எங்கள் ஊரிலும் இது தெரியும். குழாய் கசிந்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கொதிகலன் வந்தும் ஆபத்து முழுதாகப் போகவில்லை. 2018 டிசம்பரில், பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சை எழுதி முடித்த 10 மாணவர்கள் கங்னூங் நகரில் ஒரு விடுதியில் தங்கினார்கள். வாயுக் கொதிகலனின் புகைக்குழாய் பொருத்து விலகியிருந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பரீட்சை முடித்த பிள்ளைகள் என்று வாசித்தபோது ஆசிரியர்களான எங்களால் அந்தச் செய்தியைக் கடந்துபோக முடியவில்லை. அதன் பின்தான் கொதிகலனோடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

கொரியாவில் இருக்கும் தம்பிமாரே, குளிர் தொடங்க முன் உங்கள் தங்குமிடத்தில் அந்தக் கருவி இருக்கிறதா, புகைக்குழாய் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அறையில் உள்ள எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடியும் சத்தியும் வந்தால், காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.