நரை: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு சொல்லின் பொருள் பல நூற்றாண்டுகளாக மாறாதிருப்பினும், சமுதாயம் அச்சொல்லுக்கு வழங்கும் மதிப்பு மாறிவருதல் உண்டு. ‘நரை’ என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மயிர் வெளுத்தலை இச்சொல் சங்க காலத்திற் குறித்தது. இன்றும் அதனையே குறிக்கின்றது. ஆயின், நரையைக் கண்டவர் அதன்வழி எழுப்பிய வினா காலந்தோறும் ஒன்றாயிருக்கவில்லை.

‘நரை’ பெயராகவும் வினையடியாகவும் நிற்பது. மலையாளத்தில் ‘நர’ எனவும் கன்னடத்தில் ‘நரெ’ எனவும் இது வழங்குகின்றது. தெலுங்கிலும் இதனோடு உறவுடைய வினைச்சொல் உண்டு. ஆதலின் இது திராவிட மொழிகளுக்குரிய பழஞ்சொல் என்பது தெளிவு. மனிதர் தலைமயிருக்கு மட்டுமே இச்சொல் உரியதாயிருந்ததெனக் கொள்ளுதலும் பொருந்தாது. குறுந்தொகையிற் கபிலர் ஊகம் என்னும் குரங்கின் முகத்தை இச்சொல்லாற் சிறப்பிக்கின்றார். எனவே வெண்மை என்னும் நிறப்பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. முதுமையைச் சுட்டுதல் அதன் ஒரு கூறேயாம்.

புறநானூற்றின் மூன்று பாடல்கள் நரையை மூன்று நிலைகளில் வைத்து நோக்குகின்றன. ஆண்டுகள் பல கழிந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாதென வினவியோர்க்குப் பிசிராந்தையார் 191ஆம் பாடலில் விடை கூறுகின்றார். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்தொழுகும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன், ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் என அவர் காரணங்களை அடுக்குகின்றார். இவற்றுள் ஒன்றேனும் உடலைப்பற்றிய காரணம் அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இல்லத்தில் தொடங்கி ஊரில் முடியும் சமுதாய வாழ்வின் செம்மையே நரையின்மைக்குக் காரணமாகின்றது.

நரிவெரூஉத்தலையார் பாடிய 195ஆம் பாடலோ இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. மீன்முள்ளைப் போன்ற நரையும் திரைந்த கன்னமும் உடையராகியும் பயனின்றி மூத்தோரை விளித்து, நல்லது செய்ய இயலாதாயினும் அல்லது செய்தலையேனும் விட்டொழிக என இடித்துரைக்கின்றார் புலவர். நரை தானாகவே சான்றாண்மையைத் தந்துவிடாது என்பது இதனாற் பெறப்படும். 277ஆம் பாடலில், கொக்கின் இறகையொத்த வெண்கூந்தலையுடைய தாய், தன் மகன் களிற்றை வீழ்த்தித் தானும் பட்டான் எனக் கேட்டு, அவனை ஈன்ற நாளினும் பெரிதும் மகிழ்கின்றாள். அவளது நரை, மறக்குடியின் விழுமியத்தை வாழ்நாள் முழுதும் தாங்கிய முதுமையின் அடையாளமாகின்றது.

இளமைப் பருவத்துக் கரிகாலன், முதியோர் தன் வழக்குத் தீர்க்கும் திறனை ஐயுற்றபோது நரைமுடி அணிந்துவந்து வழக்குத் தீர்த்தான் என்னும் செய்தியைப் பழமொழி நானூறு சுட்டுகின்றது. தீர்ப்பின் செம்மை அவனது அறிவிலிருந்து பிறந்தது. அதனை ஏற்கச் செய்ததோ புனைந்த நரை. அவையோர் நரைக்கு வழங்கிய மதிப்பையும், அம்மதிப்பு புறத்தோற்றத்தைச் சார்ந்து நின்றமையையும் இக்கதை ஒருங்கே உணர்த்துகின்றது.

நாலடியாரில் நோக்கு வேறுபடுகின்றது. இளமை நிலையாமையைக் கூறும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, நரை வருமென எண்ணி அறிவுடையோர் இளமையிலேயே துறந்தனர் என்னும் கருத்து இடம்பெறுகின்றது. இங்கு நரை, வந்து சேர்ந்த நிலையன்று. வருமுன்னரே உணரப்படவேண்டிய எச்சரிக்கை. இந்நோக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தன் தலையில் நரைமயிர் ஒன்றைக் கண்ட மகாதேவன் என்னும் மிதிலை மன்னன் அரசைத் துறந்தான் எனப் பாலி சாதகக் கதை கூறுகின்றது. காளிதாசரின் இரகுவமிசத்தில், முதுமை நரையுருக்கொண்டு தசரதனின் காதருகே வந்து, அரசை இராமனுக்கு அளிக்குமாறு கூறுகின்றது. கம்பராமாயணப் பதிப்புகள் சிலவற்றிலும் இக்கருத்தமைந்த பாடல் காணப்படுகின்றது.

எனினும், ஒரு நோக்கு மறைய மற்றொன்று தோன்றிற்று எனக் கூறுதல் பொருந்தாது. கரிகாலன் கதையைப் போற்றிய பழமொழியும் துறவை வற்புறுத்திய நாலடியாரும் பதினெண்கீழ்க்கணக்கு என்னும் ஒரே தொகுதியைச் சார்ந்தவை; இரண்டும் சமணச் சார்புடையவை. ஆகவே இரு நோக்குகளும் அருகருகே நிலவின எனக் கொள்வதே ஏற்புடையது. மக்கள் நடுவே எவ்வாறு வாழ்ந்தாய் எனப் புறநானூற்று நரை வினவிற்று; அவ்வாழ்வை விட்டு நீங்குவது எப்போது என அறநூல் நரை வினவிற்று. அகராதி தரும் ‘மயிர் வெண்மை’ என்னும் பொருளில் இவ்விரு வினாக்களும் புலப்படுவதில்லை. முதியோரிடமிருந்து ஒரு சமுதாயம் எதனை எதிர்பார்த்தது என்பதை அறிய விழைவோர், சொல்லின் பொருளோடு அது வழங்கிய இடங்களையும் ஆராய்தல் இன்றியமையாததாகும்.