தோல் வரியும் ராஜ்ய அதிகாரமும்

அமெரிக்க அரசியல் சட்டம் 1787-இல் வரையப்பட்டபின், பதின்மூன்று ராஜ்யங்களுள் ஒன்பதேனும் ஏற்றாலன்றி அமலுக்கு வராதென விதிக்கப்பட்டது. நம் அரசியல் நிர்ணய சபையோ 1949 நவம்பர் 26-இல் தானே சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சபைக்கு அங்கத்தினரைத் தேர்ந்தனுப்பிய மாகாணச் சட்டசபைகளின் சம்மதம் மீண்டும் கேட்கப்படவில்லை. ஆகவே, ராஜ்யங்கள் தம் அதிகாரத்தின் எல்லையைப் பின்னர் வழக்குமன்றத்திலேயே அறியலாயின.

அவ்வழக்குகளுள் ஒன்று, நம் குடியாத்தம், ஆம்பூர்ப் பகுதிகளின் தோல் தொழிலைத் தொட்டது. சென்னை ராஜ்யத்தின் விற்பனை வரி விதி, உள்ளூரிற் பதனிட்ட தோலுக்குப் பச்சைத்தோலின் கொள்முதல் விலைமீதும், வெளியே பதனிட்டு வந்ததற்குப் பதனிட்ட தோலின் உயர்ந்த விலைமீதும் வரி கொண்டது. 304-ஆம் ஷரத்தின்படி இப்பேதம் செல்லாதென 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

உள்ளூர்த் தொழிலின் வேலி ஒடிந்ததென நம்மவருட் சிலர் வருந்தலாம். நாம் வருந்தோம், நம் தோலும் வெளி ராஜ்யங்களில் விலைபோக வேண்டியதன்றோ?