சாலைக்கு ஒரு பிறந்த தேதி உண்டு

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஃபால்ட்ஸ் என்றொரு பகுதி. கிழக்கே ரைன் சமவெளி, மேற்கே காடடர்ந்த மலை, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களின் வழியே சுமார் 85 கிலோமீட்டருக்கு ஒரு சாலை ஓடுகிறது. பெயர் 'ஜெர்மன் ஒயின் சாலை'. தெற்கே பிரெஞ்சு எல்லையிலிருக்கும் ஷ்வைகனில் தொடங்கி வடக்கே பொக்கன்ஹைமில் முடிகிறது.

நான் ரைனுக்கு இந்தப் பக்கம் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். செப்டம்பர் வந்தாலே அலுவலகத்தில் பேச்சு மாறிவிடும். யார் எந்த ஊர் விழாவுக்குப் போகிறார்கள், எந்தப் பழைய விடுதியில் அறை கிடைத்தது, இதுதான் பேச்சு. அந்த மாதங்களில் மட்டும் கிடைக்கும் புது ஒயின் ஒன்று உண்டு. கலங்கலாக, இனிப்பாக, புட்டிக்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும். வாயு வெளியேற வேண்டுமென்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். பையில் படுக்க வைத்தால் பை நனைந்துவிடும். கூடவே சுடச்சுட வெங்காய கேக்.

தங்குமிடங்களும் அதே மாதிரிதான். மரச்சட்டங்கள் தெரியும் சுவர், நடந்தால் முனகும் தரை, வாசல் வளைவில் கல்லில் செதுக்கிய ஆண்டு. அந்த ஆண்டைப் பார்த்ததுமே மனசு ஒரு முடிவுக்கு வந்துவிடும்: இங்கே எல்லாமே அந்தக் காலத்திலிருந்து இப்படியேதான் இருந்திருக்கிறது. விடுதி, விழா, சாலை, சாலையோரத் தோரணம், எல்லாமே.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய கோடைத் திறந்தால் முதலில் ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது, யார் சேர்த்தது என்று பார்ப்போம். ஃபால்ட்ஸையும் அப்படிப் பார்க்கலாம்.

முதலில் உண்மையிலேயே பழையது. பாட் டூர்க்ஹைம் என்ற ஊரில் செப்டம்பரில் இரண்டு வார இறுதிகளில் நடக்கும் 'வூர்ஸ்ட்மார்க்ட்'. பெயருக்கு அர்த்தம் சாஸேஜ் சந்தை என்றாலும், உலகின் மிகப் பெரிய ஒயின் விழா என்று சொல்லிக்கொள்கிறார்கள். இதன் தொடக்கமாக 1417-ஐக் குறிப்பிடுகிறார்கள். புனித மிக்கேல் திருநாளுக்கு மலைமேல் இருந்த சிற்றாலயத்துக்கு யாத்ரீகர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சுற்றுவட்ட விவசாயிகள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் உணவும் ஒயினும் கொண்டுவந்து விற்றார்கள். இன்றும் அங்கே சில கடைகளுக்கு அந்தத் தள்ளுவண்டியின் பெயர்தான். குறுகலான நீள பெஞ்சில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, அரை லிட்டர் கண்ணாடிக் குவளையைக் கைமாற்றிக்கொள்வார்கள்.

அதே ஊரில் ஒரு பிரம்மாண்ட மரப் பீப்பாய் நிற்கிறது. கொள்ளளவு 17 லட்சம் லிட்டர். ஆனால் அதில் ஒயின் ஊற்றி வைத்ததே இல்லை. உள்ளே இருப்பது உணவகம். பார்த்தால் ஏதோ மன்னர் காலத்துச் சமாச்சாரம் போலிருக்கும். கட்டியது 1934-இல்.

சாலை அதற்கும் இளையது. 1935 அக்டோபர் 19 அன்று அதைத் திறந்து வைத்தவர் யோசஃப் பூர்க்கெல். அந்தப் பகுதியின் நாஜிக் கட்சித் தலைவர். தென்கோடியில் நிற்கும் கல்லாலான 'ஒயின் வாசல்' 1936-இல் எழுந்தது.

எதற்காக ஒரு சாலை? 1934, 1935 இரண்டு ஆண்டும் விளைச்சல் அமோகம். விலை சரிந்தது. ஒயினை வாங்க ஆள் வேண்டும். சரி, முன்பெல்லாம் யார் வாங்கினார்கள்? இந்தக் கேள்வியில்தான் கதை இருக்கிறது.

ஃபால்ட்ஸில் சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கும் வழக்கம் இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை தோட்டம் துண்டு துண்டாகிவிடும். நாலு வரிசைக் கொடி வைத்திருப்பவர் பெர்லினில் போய் வாடிக்கையாளர் தேட முடியாது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு வியாபாரி வேண்டும். லாண்டாவ், நொய்ஷ்டாட் போன்ற ஊர்களில் அந்த வியாபாரத்தின் பெரும் பங்கு யூதக் குடும்பங்களின் கையில் இருந்தது. 1933-க்குப் பிறகு அவர்களுக்கு ஒவ்வொரு கதவாக அடைக்கப்பட்டது. அவர்களோடு, பீப்பாயை ஊர் தாண்டிக் கொண்டுபோன வழியும் போனது.

அந்த ஓட்டையை அடைக்க வந்தவைதான் நாம் பாரம்பரியம் என்று படமெடுக்கும் பலவும். வியாபாரி ஒயினை நகரத்துக்குக் கொண்டுபோக முடியாதென்றால் நகரத்துக்காரர்களை ஒயினிடம் கூட்டிவா. அதற்குச் சாலை. பெருநகரங்கள் ஒயின் கிராமங்களைத் 'தத்தெடுத்து' அவற்றின் ஒயினை விற்றுத் தரும் ஏற்பாடும் வந்தது. அதே 1935 அக்டோபரில் நாடு முழுக்கத் திராட்சைக்கும் ஒயினுக்கும் விழா எடுத்தார்கள். மலையின் பெயரைச் சேர்த்து 'ஹார்ட் நொய்ஷ்டாட்' என்றிருந்த ஊரின் பெயர் 1936-இல் 'ஒயின் சாலை நொய்ஷ்டாட்' ஆனது. போர் முடிந்ததும் 1945-இல் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். 1950-இல் மறுபடியும் 'ஒயின் சாலை'. இன்றுவரை அதேதான். ரயில் நிலையப் பலகையைப் பார்த்தால் தெரியும்.

இன்னொரு தேதி இருக்கிறது. 1940 அக்டோபர் 22. சாலை திறந்து ஐந்து வருஷமும் மூன்று நாளும். பாடன், ஃபால்ட்ஸ், ஸார் பகுதிகளிலிருந்து சுமார் 6,500 யூதர்களை வீடுகளிலிருந்து இழுத்து ரயிலேற்றி, தெற்கு பிரான்சில் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு இரண்டு பேரின் பெயர் உண்டு. ஒருவர் பாடனின் வாக்னர். மற்றவர் அதே பூர்க்கெல். அது யூதர்களின் கூடாரப் பண்டிகை வாரம். அதுவும் அறுவடைத் திருநாள்தான். கூர்ஸில் பசியிலும் நோயிலும் பலர் இறந்தார்கள். பிழைத்திருந்தவர்களில் பெரும்பாலானோரை 1942 ஆகஸ்ட் முதல் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "எங்க தாத்தாவுக்கு அந்த ரோடு வந்த பிறகுதான் சரக்கு வித்துது. அதுவும் நிஜம்தானே?" என்றார். நிஜம்தான். சாலை வேலை செய்தது என்பதால்தான் அது நிலைத்தது. அதைப் போட்ட ஆட்சி போனபின்னும் விவசாயிகள் அதை விடவில்லை. 1949-இல் நொய்ஷ்டாட்டிலேயே முதல் 'ஜெர்மன் ஒயின் ராணி'யைத் தேர்ந்தெடுத்தார்கள். 1985 முதல் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு முழுச் சாலையிலும் காரை நிறுத்திவிட்டு சைக்கிள்காரர்களுக்கு விடுகிறார்கள். டைடஸ்ஹைமின் பழைய விடுதி ஒன்றில் ஹெல்முட் கோல் 1989-இல் மார்கரெட் தாட்சரை உட்கார வைத்து, பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த ஊர்ப் பதார்த்தத்தைப் பரிமாறினார். இவையும் அந்தச் சாலையின் வரலாறுதான்.

அதனால் குவளையைக் கீழே வைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. என் தகராறு 'காலங்காலமாக' என்ற வார்த்தையோடு மட்டும்தான். அந்த ஒற்றை வார்த்தை 1417-ஐயும் 1935-ஐயும் ஒரே பீப்பாயில் ஊற்றிக் கலக்கிவிடுகிறது. கலங்கியபின் நடுவிலிருந்து யார் காணாமல் போனார்கள் என்று தெரிவதில்லை.

லாண்டாவில் ஒரு வீடு இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி மர நடைகள் ஓடும் பழைய கட்டடம். ஒருகாலத்தில் 'பூ' என்ற பெயரில் இயங்கிய சத்திரம். 1870-இல் அதை வாங்கியவர் சக்கரியாஸ் ஃபிராங்க். ஆன் ஃபிராங்கின் கொள்ளுத்தாத்தா. இப்போது அங்கே லாண்டாவ் யூதர்களைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. அங்கே தங்க அறை கிடைக்காது. ஆனால் அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள், புது ஒயின் வாங்குவதற்கு முன்னால், அந்த முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.